போன மாத 2பி-யை வைத்துப் பைத்தான் பழகுங்கள்

கேள்வி: வணக்கம் சார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 34. தமிழ் மீடியத்தில் படித்து பி.காம். முடித்தேன். டேலி, எக்செல் இரண்டும் நன்றாகத் தெரியும். பைத்தான் என்ற நிரல்மொழி படித்தால் வேலைக்கு உதவும் என்று தம்பி சொன்னதால் ஆறு மாதமாக யூடியூபில் பாடம் பார்த்து வருகிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. நானாக எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வருவதில்லை. வந்தாலும் சிவப்பு எழுத்தில் எரர் காட்டி நின்றுவிடுகிறது. பேசாமல் எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் விபிஏ கற்கட்டுமா? இங்கே ஒரு சென்டரில் 45,000 ரூபாய்க்கு மூன்று மாத கோர்ஸ் இருக்கிறது, சேரலாமா? சாட்ஜிபிடியே எழுதிக் கொடுக்கும்போது இதையெல்லாம் கற்கத்தான் வேண்டுமா? இந்த வயதில் எனக்கு இது வருமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வரும். மாதம் தவறாமல் ரிட்டர்னுக்குக் கணக்குச் சேர்த்து, எங்கோ ஒரு பில்லில் இடிக்கும் 9 ரூபாயைத் தேடிப் பிடிக்கிற பொறுமை உங்களிடம் இருக்கிறது. நிரல் எழுதுவதில் பாதி அந்தப் பொறுமைதான்.

உங்கள் ஆறு மாதம் எங்கே போயிற்று என்று பார்ப்போம். யூடியூப் பாடங்களில் பெரும்பாலும் பகா எண் கண்டுபிடிப்பார்கள், நட்சத்திரத்தில் முக்கோணம் வரைவார்கள், ஃபிபனாச்சி வரிசை போடுவார்கள். திருப்பூரில் உங்கள் முதலாளி ஒருநாளும் ஃபிபனாச்சி கேட்கப் போவதில்லை. அந்தக் கணக்கு சரியாக வந்தாலும் தப்பாக வந்தாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை. அதனால் கை பழகவில்லை. அதோடு, சொல்லிக் கொடுக்கிறவர் தன் எரர்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுத்தான் வீடியோவை ஏற்றுகிறார். நீங்கள் கற்க வேண்டிய பாதி அங்கேயே போய்விடுகிறது.

ஆகவே வீடியோவை நிறுத்துங்கள். போன மாதம் நீங்கள் கையால் முடித்த ஜிஎஸ்டிஆர்-2பி ஒப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். (மற்ற வாசகர்களுக்கு: நாம் வாங்கிய சரக்குக்கு சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல் 2பி. மாதா மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும். நம் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரோடு அதைப் பொருத்திப் பார்த்துத்தான் ஐடிசி, அதாவது வாங்கும்போது கட்டிய வரிக்கான வரவு, எடுக்க வேண்டும்.) எந்த பில் 2பி-யில் வரவில்லை, எந்த பில்லை நீங்கள் ஏற்றவில்லை, எதில் வரித் தொகை இடிக்கிறது என்று நீங்கள் எடுத்து வைத்த பட்டியல் மேசையில் இருக்கும். அதே பட்டியலை ஒரு பைத்தான் நிரல் எடுத்துத் தர வேண்டும். இதுதான் உங்கள் ஒரே பயிற்சி.

ஏன் போன மாதம் என்றால், விடை உங்களிடம் இருக்கிறது. நிரல் 11 பில்லைக் காட்டி, உங்கள் தாளில் 9 இருந்தால், எங்கோ கோளாறு என்று யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும். புதிதாகக் கற்கிறவருக்கு வேறு எந்த ஆசிரியரும் இவ்வளவு உடனுக்குடன் தாள் திருத்த மாட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒப்பீடு முடிந்தால் போதும் என்றால் பைத்தானே தேவையில்லை. டேலி பிரைமில் 2பி ஒப்பீடு இருக்கிறது. எக்செல்லில் பவர் குவெரியும் அதைச் செய்யும். நாம் செய்யப் போவது பழகுவதற்காக.

பைத்தானை நிறுவும்போது 'பாத்'தில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் கேட்டால் டிக் அடித்துவிடுங்கள். அதோடு ஐடில் என்ற எளிய எடிட்டரும் வந்துவிடும். ஆரம்பத்துக்கு அது போதும். புது ஃபைல் திறந்து, எழுதி, சேமித்து, எஃப்5 அழுத்தினால் ஓடும். ஒரு ஃபோல்டர் வைத்து, நிரலையும், ரெஜிஸ்டர், 2பி ஆகிய இரண்டு பட்டியல்களையும் சிஎஸ்வி ஃபைலாக (நெடுவரிசைகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) அதற்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் ஃபைல் பெயரை மட்டும் எழுதினால் போதும். முழு முகவரியை எழுதப் போனால் விண்டோஸின் பின்சாய்வுக் கோடு பைத்தானுக்கு வேறு அர்த்தம் தரும். சி டிரைவுக்கு அடுத்து 'யூசர்ஸ்' என்று வந்த உடனேயே யூனிகோட் எரர் என்று கத்தும். புதியவர்களில் பலர் இந்த இடத்திலேயே மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

நிரலுக்கு என்ன பெயர் வைத்தாலும் சிஎஸ்வி என்று மட்டும் வைக்காதீர்கள். அந்தப் பெயரில் பைத்தானுக்குள்ளேயே ஒரு மாட்யூல் (தயாராக எழுதி வைத்த நிரல்) இருக்கிறது. அதைக் கூப்பிடும்போது உங்கள் ஃபைலே தன்னைத்தானே கூப்பிட்டுக் கொண்டு நிற்கும். வரும் எரரைப் பார்த்தால் காரணம் எதுவும் புலப்படாது.

பழைய வீடியோக்களில் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லாமல் எழுதுவார்கள். அது பைத்தான் 2. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு அதன் ஆதரவு நின்றுவிட்டது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

இனி எழுதலாம். முதலில் கம்ப்யூட்டரைத் தொடாமல், தாளில், தமிழில்:

ரெஜிஸ்டரில் உள்ள ஒவ்வொரு பில்லுக்கும்:
    அது 2பி-யில் இருந்தால்:
        வரி வித்தியாசம் ஒரு ரூபாய்க்கு மேல் போகிறதா என்று பார்
    இல்லாவிட்டால்:
        "2பி-யில் இல்லை" பட்டியலில் சேர்

இதில் 'ஒவ்வொரு' என்பது ஃபார். 'இருந்தால்' இஃப். 'இல்லாவிட்டால்' எல்ஸ். நான் உள்ளே தள்ளி எழுதியிருப்பது அழகுக்காக இல்லை. எந்த வரி எதற்குக் கட்டுப்பட்டது என்பதைப் பைத்தான் அந்த இடைவெளியை வைத்துத்தான் அறியும். முக்காற்புள்ளி போட்டு, அடுத்த வரியை நான்கு இடம் உள்ளே தள்ள வேண்டும். ஸ்பேஸையும் டேப்பையும் கலக்காதீர்கள். மாறி (ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர்), பட்டியல், டிக்‌ஷனரி, இஃப், ஃபார், ஃபங்ஷன், ஃபைலைத் திறந்து மூடுவது: இந்த வேலைக்கு வேண்டியது இவ்வளவுதான். கிளாஸ், டெக்கரேட்டர் என்று வீடியோவில் வந்தவற்றையெல்லாம் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

மாறியில் ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். சிஎஸ்வி ஃபைலிலிருந்து வரும் எல்லாமே பைத்தானுக்கு எழுத்துதான், தொகை உட்பட. எழுத்தாக இருக்கும் 12-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 125 வரும். எண்ணாக மாற்றத்தான் இன்ட், ஃப்ளோட் என்ற இரண்டு ஃபங்ஷன்கள். '18,450.00' என்று காற்புள்ளியோடு இருந்தால் மாற்ற முடியாது என்று வேல்யூ எரர் வரும். முதலில் ரீப்ளேஸ் போட்டுக் காற்புள்ளியை நீக்கிவிடுங்கள்.

எக்செல்லிலிருந்து சேமிக்கும்போது சாதாரண சிஎஸ்வி-யைத் தேர்ந்தெடுத்தால் தமிழில் உள்ள பார்ட்டி பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று இருப்பதை எடுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எக்செல் ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைப் போட்டுவிடும். அதனால் முதல் நெடுவரிசையின் தலைப்பு கண்ணெதிரே இருக்கும், பைத்தானோ 'கீ எரர்', அப்படி ஒன்று இல்லை என்று சாதிக்கும். ஃபைலைத் திறக்கும் வரியில் என்கோடிங் என்பதற்கு 'யூடிஎஃப்-8-சிக்' கொடுத்தால் தீர்ந்தது. 2பி எக்செல்லில் மேலே சில வரிகள் தலைப்புக்கே போகும். பி2பி ஷீட்டில் வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் தனி ஷீட்டில் ஒட்டி, அதைச் சேமியுங்கள்.

டிக்‌ஷனரிதான் இந்த நிரலின் உயிர். உங்களுக்கு வி-லுக்கப் தெரியும் என்பதால் இதைப் பாதி தெரிந்தவராகவே வருகிறீர்கள்: ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பு கிடைக்கும். எதைச் சாவியாக வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். பில் நம்பரை மட்டும் வைத்தால், ஒரே மாதத்தில் நூல் கடையும் சாயப்பட்டறையும் 45-ஆம் நம்பர் பில் போட்டிருந்தால் இரண்டும் குழம்பிப் போகும். ஆகவே ஜிஎஸ்டி எண், பில் நம்பர் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து ஒரே சாவியாக வையுங்கள். பைத்தான் அதை ஏற்கும்.

ஏப்ரல் மாதத்தில் இதுவும் போதாது. ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் நம்பர் 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வராததாக இருந்தால் போதும். நம்பரில் வருடம் சேர்க்காத சப்ளையர், ஏப்ரலில் மறுபடி 1-லிருந்து தொடங்கினால், அவர் தாமதமாக ஏற்றிய மார்ச் பில் ஒன்றோடு மோதலாம். அந்த ஒரு மாதத்துக்கு நிதியாண்டையும் சாவியில் சேர்க்க வேண்டும். நிரல் மட்டும் தெரிந்த ஒருவருக்கு இது தோன்றவே தோன்றாது. உங்களுக்குத் தோன்றும்.

பில் நம்பரை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகத் தட்டுவார்கள். சப்ளையர் 'எஸ்கே/045' என்று போட்டிருப்பார், உங்கள் ஆள் சின்ன எழுத்தில் தட்டி, கடைசியில் ஒரு ஸ்பேஸும் விட்டிருப்பார். ஸ்ட்ரிப் ஓரத்து வெற்றிடங்களை நீக்கும். அப்பர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும். இரண்டையும் செய்யும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, இரு பட்டியலுக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஃபங்ஷன் எதற்கு என்று பத்து வீடியோ பார்த்தும் புரியாதது அப்போது புரிந்துவிடும்.

டிக்‌ஷனரியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதே சாவி இரண்டாம் முறை வந்தால் முதலில் இருந்ததைச் சத்தமில்லாமல் அழித்து, புதியதை வைத்துக்கொள்ளும். ஒரே பில்லை ரெஜிஸ்டரில் இரண்டு தடவை ஏற்றியிருந்தால், நீங்கள் பிடிக்க வேண்டிய அந்தத் தப்பையே அது மறைத்துவிடும். உள்ளே போடும் முன் 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று ஓர் இஃப் வைத்து, இருந்தால் தனிப் பட்டியலுக்கு அனுப்புங்கள். ஒப்பீட்டை மறுதிசையிலும் ஓட்ட வேண்டும். 2பி-யில் இருந்து ரெஜிஸ்டரில் இல்லாத பில்கள் அப்போதுதான் வெளிவரும்.

ரூபாய் பைசாவுக்கு வருவோம். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பயந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் எண்களை இரும முறையில் வைத்திருக்கிறது. நாம் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று முடிவில்லாமல் எழுதுவதைப் போல, பத்தில் ஒரு பங்கு அதற்கு முடிவில்லாமல் போகும். ஆகவே இரண்டு வரித் தொகையும் சமமா என்று கேட்காதீர்கள். வித்தியாசம் ஒரு ரூபாய்க்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். (சமமா என்று கேட்க இரண்டு சமக்குறி. ஒன்று போட்டால் மாறிக்குள் மதிப்பை வைப்பதாகப் பொருள். இதில் எல்லோரும் சறுக்குவார்கள்.)

இன்னொன்று இதைவிட முக்கியம். 18,450 ரூபாய் நூல் பில்லுக்கு 5 சதவீதம் 922.50. எக்செல்லில் ரவுண்ட் போட்டால் 923. பைத்தானின் ரவுண்ட் 922 என்று சொல்லும்! சரிபாதியாக வரும்போது பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். புள்ளியியலில் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் சிஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாயாக்கு என்கிறது. வரித் தொகையை முழுமையாக்க வேண்டிய இடத்தில் டெசிமல் என்ற மாட்யூலில் 'ரவுண்ட் ஹாஃப் அப்' என்ற வழியைக் கேட்டு வாங்குங்கள். பல வருடம் பைத்தான் எழுதியவர்களில்கூட இதை அறியாதவர்கள் இருக்கிறார்கள்.

சிவப்பு எழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதை அடியிலிருந்து படியுங்கள். கடைசி வரியில் என்ன கோளாறு என்று இருக்கும். அதற்கு மேலே எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்று இருக்கும். ஆங்கிலம் என்று தயங்க வேண்டாம், உங்களுக்கு வரப் போவது ஏழெட்டு வகைதான். நேம் எரர் என்றால் பெயரைத் தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள். டைப் எரர் பெரும்பாலும் எழுத்தையும் எண்ணையும் கலந்ததால் வருவது. இன்டென்டேஷன் எரர் என்றால் உள்ளே தள்ளியதில் பிசகு. சின்டாக்ஸ் எரர் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: அது காட்டும் வரி சரியாக இருக்கும், அதற்கு முந்தைய வரியில் ஓர் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கும். பைத்தான் 3.10 முதல் எந்தக் குறி மூடவில்லை என்றே சொல்லிவிடுகிறது. அதற்காகவாவது புதிய பதிப்பைப் போடுங்கள். ஒரு நோட்டு வைத்து, வந்த எரரையும் தீர்ந்த விதத்தையும் எழுதி வாருங்கள்.

எரரே வராமல் தப்பான விடை வருவதுதான் ஆபத்து. அதற்கு உங்கள் தொழிலிலேயே மருந்து இருக்கிறது. பொருந்தியது, பொருந்தாதது, இரண்டு தடவை வந்தது எல்லாவற்றின் தொகையும் சேர்ந்து ரெஜிஸ்டர் மொத்தத்தோடு டேலி ஆக வேண்டும். நிரலின் கடைசியில் அந்தக் கூட்டலையும் போட்டு பிரிண்ட் செய்யுங்கள்.

விடையை எழுதும் ஃபைலுக்கு எப்போதும் புதுப் பெயர். ஃபைலை 'டபிள்யூ' முறையில் திறந்தால், ஓர் எழுத்தும் எழுதும் முன்பே உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். ரெஜிஸ்டரின் பெயரை அங்கே தவறிப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸ் ஃபைலைத் தொடாதீர்கள், நகலில் மட்டும் பழகுங்கள்.

தமிழ் மீடியம் என்று குறையாக எழுதியிருந்தீர்கள். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'தொகை = 18450' என்றும், அடுத்த வரியில் 'வரி = தொகை * 5 / 100' என்றும் எழுதினால் அப்படியே ஓடும். ஃபார், இஃப் போன்ற கட்டளைகள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். பிறருடன் நிரலைப் பகிரும் நாள் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு வேடிக்கையும் உண்டு: 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பார்ட்டி பெயர்களை நீளம் பார்த்து வெட்டினால் எழுத்து அறுந்துபோகும், கவனம்.

பாடப் புத்தகம் என்றால், தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகம் தமிழிலேயே இருக்கிறது, இணையத்தில் இலவசம். அதில் பெரும்பகுதி பைத்தான்தான். கட்டுப்பாட்டுக் கூற்றுகள், செயற்கூறுகள், டிக்‌ஷனரி, சிஎஸ்வி கோப்புகள் என நான் மேலே சொன்னவற்றுக்கெல்லாம் பாடம் இருக்கிறது. கலைச்சொல் கொஞ்சம் கடினமாக இருக்கும், விஷயம் சரியாக இருக்கும். முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். நிரலில் எங்கே மாட்டுகிறீர்களோ அந்தப் பாடத்தைத் திறந்து பாருங்கள்.

இது கையில் இருக்க, 45,000 ரூபாயை இப்போது கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த கோர்ஸிலும் நட்சத்திர முக்கோணம்தான் வரப் போகிறது. இந்த ஒரு நிரலை முடித்த பிறகும் சேரத் தோன்றினால், எதைக் கற்க வேண்டும் என்று அப்போது உங்களுக்கே தெரியும்; பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்து, ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

விபிஏ கெட்டதில்லை. மேக்ரோ ரெக்கார்டர் நாம் செய்வதைப் பார்த்து அதுவே எழுதிக்கொள்ளும் வசதி பைத்தானில் கிடையாது. உங்கள் வேலை முழுவதும் ஒரே எக்செல் ஃபைலுக்குள் நடக்கிறது என்றால் விபிஏ-வே போதும். ஆனால் அது ஆபீஸ் மென்பொருளை விட்டு வெளியே அதிகம் வராது. பைத்தான் நாளைக்கு பிடிஎஃப் பில்லைப் படிக்கவும், இருநூறு ஃபைல்களுக்குப் பெயர் மாற்றவும் வரும். ஆறு மாதம் காது பழகியிருக்கிறது, பைத்தானிலேயே இருங்கள்.

சாட்ஜிபிடி எழுதிக் கொடுக்கும், உண்மைதான். 2பி ஒப்பீட்டுக்கு நிரல் கேட்டால் ஒரு நிமிடத்தில் நீளமாகத் தரும். அதில் சாவியாக பில் நம்பரை மட்டும் வைத்திருக்கிறதா, ரவுண்டை எப்படிப் போட்டிருக்கிறது, இரண்டு தடவை ஏற்றிய பில்லை விழுங்குகிறதா என்று படித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அது உதவியாள். தெரியாதவர் அது தந்த தொகையை அப்படியே 3பி ரிட்டர்னில் போட்டுவிடுவார். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது கம்பெனி. இப்போதைக்கு அதை எரருக்கு விளக்கம் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த எரருக்குத் தமிழில் காரணம் சொல், நிரலைத் திருத்தித் தராதே' என்று கேட்டால் அப்படியே செய்யும். பார்ட்டிகளின் ஜிஎஸ்டி எண்ணும் தொகையும் உள்ள உண்மையான ஃபைலை அங்கே ஏற்றாதீர்கள். அது உங்கள் முதலாளியின் சொத்து. நான்கைந்து வரி போலியாக எழுதிக் கொடுத்துக் கேட்டாலே போதும்.

தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ரெஜிஸ்டர் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு வரியாக பிரிண்ட் செய்வதோடு முதல் நாளை முடித்துக்கொள்ளுங்கள். நிரல் எடுத்த பட்டியல் உங்கள் தாளோடு முழுதாகப் பொருந்திய பிறகு, அதற்கு முந்தைய மாதத்து ஃபைல்களைப் போட்டு ஓட்டுங்கள். அங்கே புதிதாக ஏதாவது இடிக்கும். சப்ளையர் போட்ட கிரெடிட் நோட்டாக இருக்கலாம். அது 2பி-யில் வேறு ஷீட்டில் இருக்கும். அதைச் சேர்ப்பது எப்படி என்று நீங்களே முயன்று பாருங்கள். மாட்டிக்கொண்டால் எரரின் கடைசி வரியோடு எழுதுங்கள்.